கேளுங்கள், சொல்கிறேன்: புழுங்கல் அரிசியும் டிபனோடு குடிக்கும் டீயும்

ஊரில் மாமியார் புழுங்கல் அரிசிதான் பொங்குவார். நாங்கள் சென்னைக்கு வந்த மூன்று வருடமாகப் பச்சரிசிச் சாதம். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாக இருப்பதால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மாமியாரோ, "சத்தில்லாத சோத்தைத் தின்னுறீங்க" என்கிறார். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் உண்டா, பழக்கத்தில் சொல்கிறாரா?
— வாசகி, வேளச்சேரி

உங்கள் மாமியார் சொல்வது சரி அம்மா. ஆதாரமும் உண்டு, அது நூறு வருடத்துக்கு மேல் பழையது. அதில் நம் ஆட்களும் வருகிறார்கள்.

1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் மனிதர்களை வாரிக்கொண்டு போனது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சீனத் தொழிலாளர்கள் ஏராளமாகச் செத்தார்கள். அதே மண்ணில் கூலி வேலை பார்த்த தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. சீனர்கள் தின்றது நன்றாகத் தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கல் என்பதை அங்கே இருந்த பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். வில்லியம் ஃப்ளெட்சர் என்ற இன்னொரு மருத்துவர் 1905 கடைசியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக எண்ணி, ஒற்றைப்படை எண்காரர்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்காரர்களை ஒரு பக்கமும் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கல் போட்டார். பச்சரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்கவே வழியில்லாத அந்த 18 பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும்.

காரணம் தயமின் என்கிற பி1 வைட்டமின். அது தவிட்டில்தான் அதிகம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தவிட்டை எடுத்தாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் அம்மாச்சி கொல்லையில் அண்டா வைத்து நெல் அவிப்பார். அந்த வாசனை தெருமுனை வரை வரும். தயமின் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் தயமின் 0.05 மில்லிகிராம், புழுங்கலில் 0.17. மூன்று மடங்குக்கு மேல்.

பயப்பட வேண்டாம். பருப்பு, பயறு, வேர்க்கடலை எல்லாம் சாப்பிடுகிற வீட்டில் பச்சரிசியால் பெரிபெரி வந்துவிடாது. ஆனால் அரிசியை நாலு தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, வடிகஞ்சியையும் சிங்க்கில் கொட்டினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். இரண்டு தண்ணீர் போதும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் விட்டுக் குடியுங்கள். பிள்ளைகள் சோற்றில் முகம் சுளித்தால் இட்லியில் தொடங்குங்கள், அதில் போடுவது புழுங்கல்தானே! அப்புறம், வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், புழுங்கல் என்பதற்காக இன்னொரு கரண்டி போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு அளவுதான் முக்கியம்.

வயது 26, பனியன் கம்பெனியில் வேலை. ஹீமோகுளோபின் 9.2. நாலு மாதமாக பீட்ரூட், மாதுளை, பேரீச்சை எல்லாம் சாப்பிடுகிறேன். ஏறவே இல்லை. காலையில் இட்லியோடு ஒரு டீ, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டீ. வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.
— வாசகி, திருப்பூர்

அந்த டீயைப் பற்றித்தான் பேச வேண்டும் மகளே. 31 வருடம் மருத்துவமனைச் சமையற்கூடத்தில் உணவு ஆலோசகராக இருந்தேன். வார்டில் பெண்கள் இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

1983ல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். சாப்பாட்டோடு காபி குடித்தபோது உடம்பில் சேரும் இரும்புச்சத்து 39 சதவீதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி கெடுதல் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, கூடவே குடித்த மாதிரியே கெடுத்தது. ஆகவே டீயை விடச் சொல்லவில்லை, எழுந்ததும் குடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு என்றால் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கம்பெனியில் டீ நேரம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். முடிந்த நாளில் செய்யுங்கள்.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அவற்றில் இல்லை. உங்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். கம்பு, கொள்ளு, எள், தண்டுக்கீரை சாப்பிடுங்கள், கூடவே ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பாதிக் கொய்யா. வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர வைக்கும். அசைவம் உண்டென்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். சுவரொட்டியை நம் ஊரில் ரத்தத்துக்கு என்று வாங்கிக் கொடுப்பது வெறும் நம்பிக்கை இல்லை, அதில் நிஜமாகவே இரும்பு நிறைய உண்டு.

ஆனால் 9.2 என்பது சாப்பாட்டால் மட்டும் சரிசெய்கிற அளவு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து மாத்திரை தருவார்கள். அதைத் தண்ணீரோடு விழுங்குங்கள், டீயோடும் வேண்டாம், பாலோடும் வேண்டாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில், 15 முதல் 49 வயது வரை, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பக்கத்து மெஷினில் இருக்கும் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

பால் ஒத்துக்கொள்வதில்லை. கால்சியத்துக்குக் கேழ்வரகு போதுமா? வயது 64.
— வாசகர், பொள்ளாச்சி

ஒரு நல்ல பங்கு வரும் ஐயா. 100 கிராமில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். ஒரு பெரிய உருண்டைக் களியில் ஒரு டம்ளர் பாலில் இருக்கிற அளவு இருக்கும். ஆனால் பாலில் இருப்பது சேருகிற மாதிரி இது முழுசாகச் சேராது, தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் தடுக்கும். முளைகட்டி அரைத்தால் அந்தத் தடை குறையும். கீரை, எள்ளுத் துவையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மோர் ஒத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். பலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மோர் ஒத்துக்கொள்ளும். மாவை மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டாம், அந்தக் கருஞ்சிவப்புத் தோலில்தான் கால்சியம் அதிகம்.