கேண்டீன் சமையலும் ஊட்டச்சத்தும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி கேண்டீன் ஊழியர்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு வைத்தோம். திரையில் படம் போட்டு விளக்கினோம். எல்லோரும் தலையாட்டினார்கள்; சமையல் மட்டும் மாறவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வகுப்பறையை விட்டுவிட்டு அடுப்படிக்கு வாருங்கள். புரதம், விட்டமின் என்று சொன்னால் மறந்துபோகும். கரண்டிக் கணக்கில் சொன்னால் நிற்கும். மதியப் பந்தி முடிந்து பாத்திரம் கழுவி ஓய்ந்த 3 மணி நல்ல நேரம். அரை மணிக்கு மேல் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரே விஷயம் போதும்.

முதலில் உப்பு. சமையல் மாஸ்டர் சாம்பாருக்கு வழக்கமாக அள்ளும் உப்பை அப்படியே தராசில் போடச் சொல்லுங்கள். அடுத்து உதவியாளர் அள்ளட்டும். இரண்டு எடையும் ஒன்றாக இருக்காது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு அளவு ஸ்பூனை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மதியத்துக்கு 2 கிராம் என்று வைத்தால் 100 பேருக்கு 200 கிராம்; குழம்பு, ரசம், துவரன் எல்லாமே இதற்குள். ஊறுகாயும் பப்படமும் வைத்தால் அதையும் இதிலேயே கழியுங்கள். காலையிலேயே நிறுத்து டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். இப்போது அதிகம் போடுகிறீர்கள் என்றால் வாரா வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் பிள்ளைகள் சாப்பாட்டை ஒதுக்கிவிடுவார்கள். அயோடின் உப்பை இறக்கும் நேரத்தில் சேருங்கள், கொதிக்கக் கொதிக்க அயோடின் குறையும்.

அடுத்தது பரிமாறுகிறவருக்கான பாடம். பல கேண்டீன்களில் இதைச் சொல்லித்தருவதே இல்லை. சாம்பாருக்கு ஆளுக்கு 30 கிராம் வீதம் 100 பேருக்கு 3 கிலோ துவரம்பருப்பு போட்டால், ஒவ்வொருவருக்கும் 6 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்க வேண்டும். ஆனால் பருப்பு அடியில் தங்கிவிடும். மேலாக மொண்டு ஊற்றினால் முதலில் வந்தவர்களுக்கு வெறும் புளித்தண்ணீர், கடைசியில் வந்தவர்களுக்குக் கட்டிப் பருப்பு. ஒவ்வொரு தடவையும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுக்கப் பழக்குங்கள்.

கேள்வி: விடுதி மாணவிகள் பலருக்கு இரத்தசோகை. கேண்டீனால் உதவ முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நிச்சயமாக முடியும். இளம்பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. புட்டுக்குக் கடலைக்கறியோ பயறோ வையுங்கள். வெறும் பழமும் சீனியும் போதாது. கடலையை இரவே ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மரச்சீனிக்கிழங்கு பெரும்பாலும் மாவுச்சத்துதான், அதனால் சாளைக்கறியோடு கொடுங்கள். கிழங்கு வேகவைத்த தண்ணீரை வடித்துவிட வேண்டும், நச்சுப்பொருள் அதில்தான் இறங்கும்.

பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பில் ஏறாது. கூடவே நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சைத் துண்டோ இருந்தால் கூடுதலாக ஏறும், சாயா குடித்தால் தடைபடும். காலையில் புட்டையும் சாயாவையும் ஒன்றாக நீட்டுவதுதான் நம் ஊர்க் கேண்டீன்களின் பழக்கம். சாயாவை ஒரு மணி நேரம் தள்ளி 10 மணி இடைவேளைக்கு மாற்றினாலே பலன் உண்டு. மருத்துவர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

கேள்வி: பழம்பொரி பொரித்த எண்ணெயை மறுநாளும் வைத்துக்கொள்ளலாமா?
– கேண்டீன் ஒப்பந்ததாரர், தக்கலை

பதில்: வேண்டாம். மாவுத் துகள் கருகிக் கிடக்கும் எண்ணெய் சீக்கிரம் கெடும். நுரை அடங்காமல் பொங்குவது, கறுத்துப் பிசுபிசுப்பது, சூடேறும் முன்பே புகைவது எல்லாம் கெட்டதற்கான அறிகுறி. பழைய எண்ணெயில் புதிதை ஊற்றினால் புதியதும் அதோடு சேர்ந்து கெடும். பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் கெடும்போது உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் சட்டம். சோதிக்கக் காகிதப் பட்டைகள் கிடைக்கின்றன. சின்ன வாணலியில் வேண்டிய அளவு மட்டும் ஊற்றிப் பொரியுங்கள், மிச்சம் குறையும். கழித்த எண்ணெயைத் தட்டுக்கடைக்கு விற்காமல், பயோடீசலுக்கு வாங்கும் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள்.