படம் முடியும் வரை புகாரைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, பையன்களை வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குக் கூட்டிப்போவதைப் பற்றிய படம். அங்கிருந்து தப்பி வந்த 15 வயதுப் பையன் ஒருவன், மேஸ்திரி தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதைக் கேமரா முன் சொன்னான். யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். முகத்தைக் காட்டலாம் என்று அவன் அப்பா கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். படம் வெளியான பிறகு புகார் கொடுத்தால் போதுமா?
- வாசகர், மதுரை

பதில்: போதாது, தம்பி. உடனே கொடுக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. பத்திரிகையாளர், படம் எடுப்பவர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. சொல்லாமல் இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பேட்டி எடுத்தவர் மட்டுமல்ல, எடிட்டிங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டவரும் இதில் வருவார். தண்டனையை விடுங்கள். அந்த மேஸ்திரியிடம் இன்றைக்கும் வேறு பையன்கள் இருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கொடுத்த வாக்கு உங்களை உறுத்தும். பையனை நேரில் பார்த்து, ஏன் புகார் கொடுக்கிறீர்கள் என்று முதலில் அவனிடமே சொல்லுங்கள். அவன் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், போலீஸ் சீருடையில் வரக்கூடாது என்று சட்டம் சொல்வதை அவனுக்குப் புரியவையுங்கள். நடந்ததை மறுபடி கேமரா முன் சொல்ல வைக்காதீர்கள்.

குற்றம் வேறு மாநிலத்தில் நடந்ததால் 'அங்கே போய்க் கொடுங்கள்' என்று ஸ்டேஷனில் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவின்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று போக்சோவின் அதே 19ஆவது பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

அப்புறம், அப்பாவின் கையெழுத்து. அது செல்லாது. போக்சோ 23ஆவது பிரிவின்படி, குழந்தையின் நலனுக்குத் தேவை என்று சிறப்பு நீதிமன்றம் எழுத்தில் அனுமதித்தால் ஒழிய அடையாளத்தை வெளியிடக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மட்டும் மங்கலாக்கித் தப்பிவிட முடியாது. பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாமே அடையாளம்தான். அப்பா முகம் தெரிந்தால் பையன் தெரிந்துவிடுவான். ஊர்ப் பெயர்ப் பலகை, தெருமுனைக் கோயில், அவனுடைய குரல் எதுவும் வேண்டாம். அவன் சொன்னதை வேறொருவர் குரலில், ஊரைக் குறிப்பிடாமல் வைக்கலாம்.

அந்த அப்பாவுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ என்ற பயம் இருக்கும். பையனின் உழைப்பை அடகு வைத்த கடன் அது என்றால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. இதற்காக உசிலம்பட்டி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) தனியாக ஒரு மனு கொடுங்கள். குழந்தையைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்கியவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 79ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோரிடம் இதை விளக்கிச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

பேட்டி பதிவான மெமரி கார்டில் எதையும் அழிக்காமல், புதிதாக எதையும் பதியாமல், அப்படியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். போலீஸ் கேட்டால் கார்டைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நகலாகக் கொடுத்தால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர வேண்டும். அதை எழுத ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.