காய்ச்சல் விட்ட மறுநாள் மைதானத்துக்குப் போகலாமா?

கேள்வி: மகனுக்கு 22 வயது. உதைபந்தாட்டக் கழகமொன்றில் சம்பளத்துக்கு விளையாடுகிறான். அணியில் ஆறு பேருக்குக் காய்ச்சலும் இருமலும். இவனுக்கும் மூன்று நாள் காய்ந்து, நேற்றுத்தான் விட்டது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் போட்டி. ஊசி ஒன்று போட்டால் விளையாடலாம் என்று கூட்டாளிமார் சொல்கிறார்களாம். நோய் பரவும் நேரத்தில் போட்டிகளை நிறுத்த வேண்டாமா? வாய் கசக்கிறது, கழுத்தில் சின்னக் கட்டிகள், இரவில் வியர்வை, இருமல் இன்னும் நிற்கவில்லை. மைதானத்தில் சுருண்டு விழும் வீரர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு நித்திரை இல்லை.
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

பதில்: ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் விளையாடக் கூடாது. போட்டி நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி. காய்ச்சல் விட்டுவிட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் நியாயம். எனக்குப் பயம் தருவதும் அந்தக் காய்ச்சல் விட்ட நாள்தான் அம்மா. ஏனென்று சொல்கிறேன்.

இன்புளுவென்சா, கொரோனா, கொக்சாக்கி போன்ற வைரசுகள் மூக்கோடும் தொண்டையோடும் நிற்பதில்லை. சிலரில் இதயத் தசைக்குள்ளும் போய்விடும். இதைத்தான் இதயத் தசை அழற்சி என்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாமல் ஆறிவிடும். ஆனால் வீங்கியிருக்கும் தசையை நிமிடத்துக்கு 180 தடவை துடிக்க வைத்தால், அந்த இடத்தில் மின்னோட்டம் தடுமாறி, துடிப்பு தாளம் தப்பலாம். வீட்டில் படுத்திருந்தால் தானாக ஆறியிருக்கும் ஒன்று மைதானத்தில் உயிரை எடுப்பது இப்படித்தான். காய்ச்சல் போன பிறகும் இந்த வீக்கம் சில நாள், சில வேளை சில வாரம் இருக்கும். வெப்பமானி அதைக் காட்டாது.

நீங்கள் முதலில் கவனிக்க வேண்டிய அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டுவது அல்லது மயங்கி விழுவது. ‘ஓடும்போதே’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓடி முடித்து, நின்று, குனிந்து, பிறகு தலை சுற்றினால் அது பெரும்பாலும் இரத்தம் காலில் தேங்குவதாலும் உடம்பில் தண்ணீர் குறைவதாலும் வருவது. நிழலில் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் இரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடும். வேகமாக ஓடும்போது, பந்தை நோக்கிப் பாயும்போது, யாரும் மோதாமல் விழுந்தால் அது வேறு. எழும்பி உட்கார்ந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்று சிரித்தாலும் அன்றைக்கே வைத்தியசாலை. இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நெஞ்சை இறுக்கும் நோவும், முன்பு பேசிக்கொண்டே ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்குவதும், இதயம் படபடவென்று அடித்து ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிப்பதும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈசிஜி, இரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ஏறும் புரதம்), இதய ஸ்கேன் மூன்றும் வேண்டும். ஈசிஜி மட்டும் எடுத்து “நல்லாயிருக்கு” என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். ஈசிஜி சரியாக இருந்தாலும் அழற்சி இருக்கலாம்.

நோய் உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் விளையாட்டு இல்லை. கேட்கக் கஷ்டமாக இருக்கும். பயர்ன் மியூனிக் கழகத்தின் அல்போன்சோ டேவிஸுக்கு 2022 ஜனவரியில், கொரோனாவுக்குப் பிறகு, லேசான இதயத் தசை அழற்சி கண்டுபிடிக்கப்பட்டது. அவரை அன்றே நிறுத்திவிட்டார்கள். ஏப்ரலில் திரும்பி வந்து விளையாடினார். நேரத்துக்கு நிறுத்தினால் விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோகாது என்பதற்காகத்தான் அவரைச் சொல்கிறேன்.

அந்த வீடியோக்களை இன்றோடு விட்டுவிடுங்கள். அவற்றில் அதிகம் ஓடுவது டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்த காட்சி: 2021 ஜூன் 12, கோபன்ஹேகன், டென்மார்க்–பின்லாந்து போட்டி. கொரோனாத் தடுப்பூசியால் விழுந்தார் என்று எழுதிப் பரப்பினார்கள். அவர் அதுவரை தடுப்பூசி போடவும் இல்லை, கொரோனா வரவும் இல்லை என்று அவருடைய கழகமான இன்டர் மிலானின் பணிப்பாளர் அடுத்த நாட்களிலேயே சொன்னார். சில கொரோனாத் தடுப்பூசிகளுக்குப் பிறகு இளைஞர்களில் அரிதாக இதயத் தசை அழற்சி வந்தது உண்மை, பெரும்பாலும் லேசாக வந்து ஆறியது. அதற்கும் எரிக்சனுக்கும் தொடர்பில்லை. அந்த வீடியோவில் பார்க்க வேண்டியது வேறு. களத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், மின்னதிர்ச்சிக் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது, மனிதர் பிழைத்தார். 2022 பெப்ரவரியில் மறுபடி களத்தில் இறங்கினார்.

ஆகவே உங்கள் மகனின் கழகத்தாரிடம் கேளுங்கள்: யாரும் தொடாமல் ஒருவன் விழுந்து, கூப்பிட்டும் அசையாமல், மூச்சு சரியாக இல்லாமல் கிடந்தால் யார் நெஞ்சை அழுத்துவது? நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. இன்னொருவர் அம்புலன்சுக்கு, 1990க்கு, அழைக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், திறப்புக் கோர்வையைக் கையில் திணிப்பதும், வாய்க்குள் சோடா ஊற்றுவதும் வேண்டாம். முதல் நாலைந்து நிமிடத்தில்தான் உயிர் இருக்கிறது, அதைத் தெளிப்பதில் செலவழிக்கக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய்க் கசப்பு போய்விடும். கழுத்தில் அமுக்கினால் நோகும் சின்னக் கட்டிகள் உடம்பு வைரசோடு சண்டை போட்டதன் அடையாளம், மூன்று நாலு வாரத்தில் வற்றும். காய்ச்சல் இறங்கும் இரவுகளில் வியர்க்கும். வறட்டு இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், அதற்கு அன்ரிபயோட்டிக் வேண்டாம். போன முறை மிச்சம் வைத்த அமொக்சிசிலினை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொத்தமல்லித் தண்ணி குடிக்கட்டும், தடையில்லை.

இந்த ‘ஊசி’ விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. பாமசியில் கேட்டு வாங்கிப் போடும் அந்த ஊசி பெரும்பாலும் டைக்குளோபினாக். நோவையும் காய்ச்சலையும் மறைக்கும், நோயை மாற்றாது. வியர்த்து ஓடும் உடம்பில் சிறுநீரகத்தை அடிக்கும். மட்டக்களப்பில் மூன்று நாள் காய்ந்த எவருக்கும் டெங்கு இல்லை என்று இரத்தம் பார்க்காமல் சொல்ல முடியாது. டெங்கில் இந்த ஊசி, புரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் இரத்தம் கசிய வைக்கும். ஆறு பேரும் ஒன்றாக இருமுவது இன்புளுவென்சா மாதிரித்தான் இருக்கிறது, டெங்கு ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, நுளம்பு வேண்டும். ஆனாலும் டெங்கில் ஆபத்துத் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், அடுத்த 24 முதல் 48 மணித்தியாலம். அதனால் இன்றைக்கே ஒரு எஃப்பிசி (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுங்கள். பிளேட்லட் (இரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள்) ஒரு இலட்சத்துக்குக் கீழே இருந்தால் வாட்டில் அனுமதிக்க வேண்டும். வயிற்று நோ, விடாத வாந்தி, குளிர்ந்த கை கால், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை இருந்தால் எண்ணிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே போங்கள். நோவுக்குப் பனடோல் மட்டும்: 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் இல்லை.

இனிப் போட்டிகளை நிறுத்துவது பற்றி. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திறந்த வெளியில் எதிரணிக்காரனோடு உரசும் நேரம் சில விநாடிகள்தான். தொற்றுவது மைதானத்துக்கு வெளியே: ஏசி போட்டுக் கண்ணாடி பூட்டிய வானில் கொழும்பு வரை ஆறேழு மணித்தியாலம், உடுப்பு மாற்றும் சின்ன அறை, கை மாறிக் கை மாறி எல்லோர் வாய்க்கும் போகும் ஒரே தண்ணீர்ப் போத்தல், பிறகு கூட்டம். 2020 பெப்ரவரி 19 இல் மிலான் நகரில் அட்டலாண்டா–வலென்சியா போட்டிக்கு 40 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் போனார்கள், பெரும்பகுதி பக்கத்து பெர்காமோவிலிருந்து. சில வாரத்தில் பெர்காமோ கொரோனாவில் சிதைந்தது. அந்தக் கூட்டமும் பயணமும் பரவலுக்குத் துணைபோயின என்று அங்கிருந்த மருத்துவர்கள் கருதினார்கள். அதே ஆண்டு மே 16 இல் ஜெர்மனியின் லீக் வெறும் மைதானத்தில், வீரர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்து, தொடங்கி முடித்தது. நம் நாட்டிலும் அந்த ஆண்டு லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டை அம்பாந்தோட்டை என்ற ஒரே இடத்தில் அடைத்து நடத்தினார்கள். விளையாட்டு நடந்தது, கூட்டத்தையும் பயணத்தையும்தான் வெட்டினார்கள்.

ஆனால் ஆறு பேர் இருமும் அணி பயணமே போகக் கூடாது. அந்தப் போட்டியைத் தள்ளிப்போட வேண்டும். இன்புளுவென்சா வந்தவர் அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தொடங்கிய பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார். இதில் கழகங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, காய்ச்சல் என்று சொன்னவனின் சம்பளத்தை வெட்டாமல் இருப்பது. வெட்டினால் பொடியன்கள் பனடோல் போட்டு மறைப்பார்கள், அடுத்த கிழமை ஆறு பேர் பன்னிரண்டு பேராவார்கள். மற்றபடி ஆளுக்கொரு பெயர் எழுதிய போத்தல், ஆளுக்கொரு துவாய், வானில் கண்ணாடி திறந்து ஏசி நிறுத்தம்.

எஃப்பிசி சரியாக வந்தால் தம்பி இப்படித் திரும்பலாம். பனடோல் இல்லாமல் காய்ச்சலும் உடம்பு நோவும் இல்லாத இரண்டு முழு நாள் போக வேண்டும். தினமும் விடிய, படுக்கையை விட்டு எழும்ப முதல், பிளேன்டீ குடிக்க முதல், பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 விநாடி நாடியை எண்ணி இரண்டால் பெருக்கி எழுதி வைக்கட்டும். வழமையாக 58 இருப்பவனுக்கு 70 என்றால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. முதல் இரண்டு நாள் 15 நிமிட நடை, நாடி 140 ஐத் தாண்டாமல். மூன்றாம் நாள் 30 நிமிட மெல்லோட்டம், 160க்குள். நாலாம் ஐந்தாம் நாள் 45 நிமிடம், பந்தோடு, மோதல் இல்லாமல். ஆறாம் நாள் முழுப் பயிற்சி. எந்த நாளிலாவது நெஞ்சு இறுகினால், கண் இருட்டினால், அன்றோடு நிறுத்தம். அடுத்த நாள் அல்ல, அன்றே வைத்தியசாலை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையோ கல்முனையோ, எது கிட்டவோ அது.

கழகம் கடிதம் கேட்டால் எஃப்பிசி அறிக்கையோடு வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். பத்து நாள் ஓய்வு என்று எழுதித் தருவார்கள்.