அம்மம்மா காலத்துச் செடி ஊர்ச்செடிதானா?

கேள்வி: எங்கள் வளவின் பின்வேலியில் ஒரு பெரிய பற்றை. ஒரே கொத்தில் நடுவே மஞ்சளும் ஓரத்தில் ரோசாவுமாகப் பூக்கிறது. மிளகு போலக் கறுத்த பழங்கள். அம்மம்மா காலத்திலிருந்தே நிற்பதால் ஊர்ச்செடிதான் என்கிறார்கள். வேலிக்கு விடலாமா? வீட்டில் இரண்டு ஆடுகள் உண்டு.
- வாசகி, நிலாவெளி

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இளந்தண்டு ஒன்றை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது. நாலு மூலையுள்ள தண்டு, அதில் கொக்கி போல வளைந்த சின்ன முட்கள். இலைகள் சோடியாக எதிரெதிரே இருக்கும், தடவினால் மாட்டு நாக்குப் போலச் சொரசொரக்கும், கசக்கினால் மூக்கில் ஏறும் நாற்றம். இவ்வளவும் சரியென்றால் அது நாயுண்ணிதான். தமிழ்நாட்டில் உண்ணிச்செடி என்பார்கள், சிங்களத்தில் கந்தபான.

பூவில் நிறம் இரண்டு இல்லை. ஒவ்வொரு சிறுபூவும் மஞ்சளாக விரிந்து, வயதேற ரோசாவாகிறது. கொத்தின் நடுவில் இருப்பவை புதியவை. வண்ணத்துப்பூச்சிகள் அந்த மஞ்சளைத்தான் தேடி வரும்.

இதன் தாய்மண் வெப்பமண்டல அமெரிக்கா. 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக, அழகுக்கென்று இலங்கைக்கு வந்தது. பூங்காவிலிருந்து வெளியே கொண்டுபோனவை கொண்டைக்குருவி போன்ற பழம் தின்னும் பறவைகள். ஆக, அம்மம்மாவின் அம்மம்மாவும் இதைப் பார்த்திருக்கலாம், ஆனாலும் வந்த செடிதான். பூ அழகு, மறுக்கவில்லை. ஆனால் பற்றைக்கு அடியில் குனிந்து பாருங்கள், புல்கூட ஒழுங்காக முளைத்திராது.

ஆடுகள் இருப்பதால் விடவே வேண்டாம். இலையில் நஞ்சு உண்டு. ஈரல் பழுதாகும், அப்புறம் வெயில் பட்ட தோல் சிவந்து வெடிக்கும். நல்ல தீன் கிடைக்கும்வரை ஆடு தொடாது. ஆவணி வரட்சியில் பசிக்கு வாய் வைத்துவிடும். வெட்டிய கொப்புகளையும் அதன் கண்ணில் படும்படி போடாதீர்கள். பச்சைக் காய் பிள்ளைகளுக்கும் ஆகாது.

வெறும் கத்தி போதாது. நான் ஒருமுறை நிலமட்டத்துக்கு வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். தை பிறக்குமுன் ஒரே கட்டையில் பதினொரு துளிர். மாரியில் இரண்டு மழை விழுந்து மண் இளகட்டும். அலவாங்கால் நெம்பி, வேரோடு கிளப்புங்கள். பழம் கறுக்குமுன் செய்தால் இன்னும் நல்லது. அந்த இடத்துக்கு ஆவரசு வையுங்கள். நம் கடற்கரை மணலுக்கு ஒத்துப்போகும், மஞ்சள் பூவும் கிடைக்கும்.

அடுத்த மாரியிலும் விதைக்கன்றுகள் வரும். விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்குங்கள், கையோடு வந்துவிடும்.