தினமும் ஜெபித்தும் தேவப் பிரசன்னத்தை உணர முடியவில்லையே, ஏன்?

"காலையில் எழுந்ததும் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், ஞாயிறு ஆராதனையையும் விடுவதில்லை. ஆனாலும் தேவன் பக்கத்தில் இருப்பதாக உணர்வே வரவில்லை, மனதில் சமாதானமும் இல்லை, எங்கே தவறுகிறேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை நானும் அழுதுகொண்டே கேட்ட காலம் உண்டு. அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

அதற்கு முன், உணர்வு வராததை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். யாக்கோபு வீட்டை விட்டு ஓடும் வழியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். விழித்ததும் அவன் சொன்னது, "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்பதுதான். அவன் அறியாமல் படுத்திருந்த நேரத்திலும் கர்த்தர் அங்கேதான் இருந்தார், இல்லையா?

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. எங்களுடையது பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் பாயை விரித்துக் குடும்ப ஜெபம், ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, கடைசியில் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். நான் கல்லூரியில் படித்தபோது வெளியே சில ஜெபக்கூட்டங்களுக்குப் போனேன். அங்கே கண்ணீரும் சத்தமுமாக ஜெபித்ததைப் பார்த்த பிறகு வீட்டு ஜெபம் எனக்கு உப்பில்லாத கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. "இது மனப்பாட ஜெபம்மா, இதுல உயிரே இல்ல" என்று அம்மாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அம்மா பதில் பேசவில்லை, மறுநாளும் அதே நேரத்துக்குப் பாயை விரித்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், ஆனால் அவர்களுக்கு வார்த்தை வராது. தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டுவார்கள், நான் தலையணையைச் சரிசெய்வேன், அவர்கள் தலையை ஆட்டி ஆட்டி அழுவார்கள். காலை நாலரைக்கு எழுந்து துணி மாற்றி, படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஏற்பாடு செய்து, சமைத்து, பகலில் பார்த்துக்கொள்கிற அக்கா வந்ததும் பள்ளிக்கு ஓடுவேன். தனி ஜெபம் முற்றிலும் நின்றுபோனது. எப்போதாவது முழங்காலில் நின்றால் அப்படியே கட்டிலில் தலைசாய்ந்து தூங்கிவிடுவேன். தேவன்மேல் கோபமும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். ஒரு ராத்திரி அம்மாவுக்கு வெந்நீரில் துணியை நனைத்து உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைய நாளை ஜெபத்தோடு முடிக்க வேண்டுமே என்று, மனம் எங்கேயோ இருக்க, வாய் மட்டும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொரு குரல். அம்மா! நாக்கு குழறியது, ஆனால் வார்த்தைகள் முழுதாக வந்தன. தண்ணீர் என்று ஒரு சொல் கேட்க முடியாதவர்கள் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொன்னார்கள். ஈரத்துணி கையில் இருந்தபடியே நான் நின்றுவிட்டேன். அவர்கள் நிறுத்தவில்லை, ஆமென் வரை போனார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டபோது, மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வராது, ஆனால் வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய ஜெபம், பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது எல்லாம் வரும் என்றார். சரி, அது மருத்துவம். எனக்குள் நின்றது வேறு. அந்த ஜெபத்தை அம்மா எத்தனை ஆயிரம் ராத்திரி சொல்லியிருப்பார்கள், அதில் எத்தனை ராத்திரி உடம்பு அசந்து, நாளைக்கு அரிசிக்கு என்ன செய்வது என்ற யோசனையோடு, எந்த உணர்வும் இல்லாமல் சொல்லியிருப்பார்கள்? நான் உயிரில்லை என்று சொன்ன ஜெபம், எல்லாப் பேச்சும் போன பிறகும் அம்மாவோடு இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், உணர்வில்லாமல் நீங்கள் செய்கிற ஜெபம் எதுவும் வீணாகவில்லை.

அதன் பிறகு என்னால் கொடுக்க முடியாத ஒரு மணி நேரத்துக்காக ஏங்குவதை விட்டேன். ஒரு வேலைக்கு ஒரு வசனம் என்று வைத்துக்கொண்டேன். அம்மாவைப் புரட்டும்போது "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்". அடுப்பைப் பற்றவைக்கும்போது அன்றைக்குப் பெயர் நினைவுக்கு வருகிற ஒரு பிள்ளைக்காக ஒரு வரி. பஸ்ஸில் "இயேசுவே, இரங்கும்", அவ்வளவுதான். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் கர்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். போரில் காயப்பட்ட பழைய படைவீரர், மடத்தில் அவருக்குக் கிடைத்தது அவருக்குப் பிடிக்காத சமையலறை வேலை. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவனோடு பேசப் பழகினார், அவருக்கும் முதல் பத்து வருடம் மனப்போராட்டமாகத்தான் இருந்தது. பத்து வருடம்! நாம் பத்து நாளில் சோர்ந்துபோகிறோம்.

சமாதானத்தைப் பற்றியும் கேட்டீர்கள். "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்று ஆராதனை முடிவில் ஐயர் (போதகர்) ஆசீர்வாதம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பவுல் பிலிப்பியருக்கு எழுதியது, எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அந்தச் சமாதானம் இருதயத்தை "காத்துக்கொள்ளும்" என்கிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், படைவீரர்கள் ஒரு நகரத்தைக் காவல் காப்பதற்குச் சொல்கிற சொல். பிலிப்பியோ ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்கள் குடியேறிய ஊர், அவர்களுக்குச் சட்டென்று புரிந்திருக்கும். காவல்காரன் நிற்கிறான் என்றால் வெளியே ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டில் மருந்துச் செலவும் தூக்கமில்லாத ராத்திரியும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் முன்பு மாதிரி அவை என் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வதில்லை. வருகிற நாளும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா? எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், தூதன் தட்டியெழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டார். தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். வாரக்கணக்காகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

உங்களுக்கு இந்த வாரம் ஒரே ஒரு வேலையும் ஒரே ஒரு வரியும் போதும், பாத்திரம் கழுவுவதோ வண்டியை எடுப்பதோ எதுவானாலும் சரி. மறந்துபோனால் மறுநாள் தொடருங்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ராத்திரி எட்டரைக்கு அம்மா கட்டில் பக்கத்தில் பாயை விரிப்பேன். அம்மாவுக்கு இப்போது "தண்ணி" என்று சொல்ல வருகிறது, என் பெயர் இன்னும் வரவில்லை, ஜெபத்தில் மட்டும் எனக்கு முன்னால் போய்விடுகிறார்கள்.