எடைக்கு நோட்டு உண்டு, நாளுக்கு இல்லை

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் ஆறு பேர் வேலை செய்யும் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். தீபாவளிக்கு வரும் வெளிமாநில ஆர்டர்களைச் சொன்ன தேதியில் என்னால் கொடுக்க முடிவதில்லை. கடைசி வாரம் இரவெல்லாம் உட்கார்ந்தும் பிந்திவிடுகிறது. கெடு வைத்தாலும் ஆட்கள் பொருட்படுத்துவதில்லை. தாமதத்துக்குக் கூலியில் பிடித்தம் செய்யலாமா?

பதில்: பிடித்தம் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வெள்ளிக் கம்பியை ஒருவரிடம் கொடுக்கும்போது நிறுத்துக் கொடுக்கிறீர்கள்; வேலை முடிந்து வரும்போது மறுபடியும் நிறுத்து, சேதாரம் எவ்வளவு என்று நோட்டில் குறிக்கிறீர்கள். தொழிலின் வழக்கம் என்பதால் இதை யாரும் அவநம்பிக்கையாக நினைப்பதில்லை. அதே வரியில் கொடுத்த நாள், வர வேண்டிய நாள், வந்த நாள் என மூன்று கட்டங்களைச் சேருங்கள். வர வேண்டிய நாளை நீங்கள் எழுதாமல், வேலையை வாங்கிக்கொள்பவரையே சொல்லச் சொல்லி, அவர் கண்முன் எழுதுங்கள். நீங்கள் அறிவித்த கெடுவை அவர் மறந்துவிடலாம். தம் வாயால் சொன்ன நாளை அவ்வளவு எளிதில் மறக்க மாட்டார்.

ஆர்டர் முழுவதற்கும் ஒரே தேதி வைத்திருப்பதுதான் உங்கள் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். கம்பி இழுப்பில் இரண்டு நாள், பற்றவைப்பில் மூன்று நாள் எனச் சத்தமில்லாமல் நழுவியதெல்லாம் கடைசியில் மெருகு போடுபவர் தலையில் வந்து விழுகிறது. பிந்தியவர் அவர் என்ற பெயரும் அவருக்கே கிடைக்கிறது. ஆகவே சரக்கு அனுப்ப வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு நாள் குறியுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நாட்களை எண்ணிக்கையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அன்று பட்டறைக்கு ஆள் வருவார் என்று கணக்குப் போடும் முதலாளியைச் சேலத்தில் நான் பார்த்ததில்லை.

நோட்டில் உங்களுக்கும் ஒரு வரி வேண்டும். விலை இறங்கட்டும் என்று வெள்ளி வாங்குவதை நான்கு நாள் தள்ளிப்போட்டால், அல்லது பாதி வேலை நடக்கும்போது மாதிரியை மாற்றினால், அந்த நாட்களை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். முதலாளியின் தாமதமும் பதிவாகிறது என்பதைக் கண்ட பிறகுதான் மற்றவர்கள் அந்த நோட்டை மதிப்பார்கள்.

இனிப் பிடித்தம். எடைக்குக் கூலி வாங்குபவருக்கு வேலை பிந்தினால் வருமானமும் பிந்துகிறது. அதற்கு மேல் தண்டமும் விதித்தால் அவர் பற்றவைப்பில் அவசரம் காட்டுவார், கண்ணி விட்டுப்போய்ச் சரக்கு திரும்பி வரும். நல்ல கைவேலைக்காரராக இருந்தால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவார். சொன்ன நாளில் வேலையைக் கொடுத்தவருக்கு அன்று மாலையே கூலியைக் கொடுத்துவிடுவது இதைவிட நன்றாகப் பலன் தரும்.

கையில் பணம் இல்லாமல் அது எப்படி என்று கேட்பீர்கள். வாங்குபவருக்கும் கெடு உண்டு. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்குபவர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியும் கேட்கலாம். இதற்கு உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனம் என்று மத்திய அரசிடம் செய்யும் பதிவு) தேவை, கட்டணம் கிடையாது. தீபாவளி ஆர்டர்கள் வருமுன் அதை முடித்துவிடுங்கள்.