முதலில் அந்த 55 நாள் இடைவெளியைக் கவனியுங்கள்

கேள்வி: வயது 31, எடை 72 கிலோ. இரண்டு பெண் குழந்தைகள். அடுத்தது ஆணாக வேண்டும் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். முட்டை வெடிக்கும் நாளில் சேர்ந்தால் ஆண் என்கிறது யூடியூப். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு 38 நாளிலும் வருகிறது, 55 நாளிலும் வருகிறது. மொபைல் ஆப் 14ஆம் நாள் என்கிறது. முட்டை வெளியாகும் நாளைக் காட்டும் கிட்டில் ஆறு நாளாக இரண்டு கோடு. கணவர் மெடிக்கல் ஷாப்பில் குளோமிஃபீன் வாங்கி வந்திருக்கிறார். அவ்வப்போது வெள்ளைப்படுகிறது. பெண்ணாகவே பிறப்பது என் உடம்பின் குறையா டாக்டர்?

பதில்: இல்லவே இல்லை. உங்கள் கருமுட்டை ஒவ்வொன்றிலும் இருப்பது எக்ஸ் குரோமோசோம்தான்; ஒய் அதில் கிடையாது. விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸ், பாதி ஒய். எது முட்டைக்குள் நுழைகிறதோ, அப்போதே ஆணா பெண்ணா என்பது முடிந்துவிடுகிறது. கணவர் மேலும் பழி போட வேண்டாம். எந்த அணு போய்ச் சேரும் என்பது அவர் கையிலும் இல்லை. இரண்டு பெண் பிறந்த வீட்டிலும் மூன்றாவதுக்கு வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். உங்களைக் குறை சொல்பவர்களிடம் இந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நாள் பார்த்துச் சேரும் யோசனை 1960களில் அமெரிக்காவில் கிளம்பியது. ஒய் அணு வேகமாக நீந்திச் சீக்கிரம் சாகும், எக்ஸ் மெதுவாகப் போய் நெடுநேரம் தாங்கும் என்றார்கள். பிறகு கணினி இணைத்த நுண்ணோக்கியில் அளந்தபோது இரண்டின் வேகத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. 1995இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், 221 பெண்களின் தினசரிச் சிறுநீரைச் சோதித்து முட்டை வெளியான நாளைக் கணித்தார்கள். அந்த நாளிலும் அதற்கு முந்தைய 5 நாளிலும் சேர்ந்தவர்களுக்குத்தான் கரு தங்கியது. எந்த நாளில் சேர்ந்தார்கள் என்பதற்கும் பிறந்தது ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கிடேரிக் கன்றாகவே பிறக்க மாட்டுக்குச் சினை ஊசி இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே விந்தணுவுக்குச் சாயமேற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். நாள் கணக்குக்கு அதில் வேலையில்லை. மனிதர்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்; அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட வரிக்கு வருகிறேன். 38 நாள், 55 நாள். கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இது ஒன்றுதான்.

முட்டை வெளியாவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு அது 14ஆம் நாள். 35 நாள் என்றால் 21ஆம் நாள். எல்லோருக்கும் 14 என்று காட்டும் ஆப் உங்களுக்கு உதவாது. பழைய காலண்டர் முறையில், மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழிப்பார்கள். உங்களுக்குப் போட்டால் 20ஆம் நாள் முதல் 44ஆம் நாள் வரை வருகிறது. 25 நாளைக் காட்டும் கணக்கை வைத்து என்ன செய்வது?

கிட்டையும் நம்ப முடியாது. கர்ப்ப கிட்டில் மங்கிய கோடு தெரிந்தாலும் பாசிட்டிவ். இதில் சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்கோ அதைவிடவோ அடர்ந்தால்தான் பாசிட்டிவ். அப்படி அடர்ந்தபின் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாக வேண்டும். ஆறு நாளும் கோடு அடர்த்தியாகவே நின்றது என்றால், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் எப்போதும் கூடுதலாகவே இருக்கலாம். நீர்க்கட்டிப் பிரச்சினையில், அதாவது பி.சி.ஓ.எஸ்.ஸில், இப்படி நடக்கும். கோடு விழும், முட்டை வெளியாகாது.

இதைக் குழந்தைக்காக மட்டும் சொல்லவில்லை. முட்டை வெளியாகாத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு உரிந்து விழாமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் விட்டால் அது புற்றுநோய்வரை போகலாம். நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் சர்க்கரை நோயும் எட்டிப் பார்க்கும். அதற்கு அடையாளமாகக் கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கிறதா, முகவாயில் முரட்டு முடி முளைக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் மாதவிலக்கே வராமல் போனால், கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகும் சும்மா இருக்காதீர்கள்.

அந்த குளோமிஃபீனைத் தொடாதீர்கள். அது ஆண் குழந்தைக்கான மாத்திரை அல்ல, முட்டையைத் தூண்டும் மருந்து. கர்ப்பம், தைராய்டு, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் மூன்றையும் பார்த்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். முட்டை வளரும் சிறு பை நாளுக்குச் சுமார் 2 மி.மீ. வளர்ந்து 18 மி.மீ. தாண்டுகிறதா, ஒன்றுதான் வளர்கிறதா என்று ஸ்கேனில் தொடர வேண்டும். இந்த மருந்தில் கரு தங்குபவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்வரை இரட்டைக் குழந்தை சுமக்கிறார்கள். இதையெல்லாம் கடைக்காரர் எப்படிப் பார்ப்பார்? ஆண் குழந்தைக்கென்று நாட்டு மருந்துக் கடையில் தரும் விதைப் பொடியும் வேண்டாம். கரு உண்டானபோதே முடிந்த விஷயத்தை எந்தப் பொடியும் மாற்றாது. சிசுவின் உறுப்புகள் உருவாகும் வாரங்களில் உள்ளே போய்க் கேடுதான் செய்யும்.

வெள்ளைப்படுதலில் அரிப்போ நாற்றமோ இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., புரோலாக்டின், 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை, ஸ்கேன். நீர்க்கட்டிதான் என்று உறுதியானால், மூன்றரை கிலோ எடை குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கும். போகும்போது கடைசி ஆறு மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.